பழைய கணினிக்கு ஐந்தாயிரம் ரூபாய்

2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு இலவசமாக வழங்கி வந்த பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. தனிநபர்களுக்குச் சில நிபந்தனைகளோடு 2026 அக்டோபர் 13 வரை ஓராண்டு நீட்டிப்பு அளித்தது. விண்டோஸ் 11-க்கு மாறிக்கொள்ளலாமே என்றால், அதற்கு டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் செயலியாக இருந்தால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ ஆக இருக்கவேண்டும். அதாவது 2017ஆம் ஆண்டின் இறுதிக்கு முன் வந்த கணினிகளில் மிகப் பலவற்றுக்கு அந்த வாசல் மூடியே இருக்கிறது. எந்தப் பழுதும் இன்றி ஓடிக்கொண்டிருந்த எண்ணற்ற கணினிகள், ஒரு நிறுவனத்தின் நாட்காட்டியால் ஒரே நாளில் பழையவை ஆகிவிட்டன.

இந்தச் செய்தி சித்தூர் வட்டத்து வீடுகளுக்கு வந்து சேரும் விதமே வேறு. (ஆந்திரத்துச் சித்தூர் அன்று, சோகநாசினி ஆற்றங்கரையில் உள்ள நம் பாலக்காட்டுச் சித்தூர்.) இங்கே கொழிஞ்சாம்பாறையிலும் வேலந்தாவளத்திலும் மீனாட்சிபுரத்திலும் பால் கறந்து சங்கத்துக்கு ஊற்றியும், தென்னையும் நெல்லும் பார்த்தும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் கணினி என்பது ஒரே ஒரு முறை வாங்கும் பொருள். மூத்த பிள்ளை கல்லூரியில் சேர்ந்தபோது வாங்கியதை இளையவர் பயன்படுத்துவார். பிறகு அது துணி போர்த்தி மூலையில் நிற்கும். இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம், பீர்மேடு பகுதிகளில் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளிலும் நிலைமை ஏறத்தாழ இதுவே. அந்தக் கணினி ஓடாது என்று கடைக்காரர் ஒருவர் சொன்னதும் வீட்டார் அடுத்து நினைப்பது தவணையில் புதியது வாங்குவதைத்தான்.

அவ்வாறு நினைப்பதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கவேண்டும் என்பது நம் கருத்து. 36,000 ரூபாய்க்கு ஒரு புதிய மேசைக் கணினி வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 14 விழுக்காடு வட்டியில் 24 மாதத் தவணை என்றால் மாதந்தோறும் ஏறத்தாழ 1,730 ரூபாய் கட்டவேண்டும். இரண்டாண்டு முடிவில் கட்டியிருப்பது சுமார் 41,500 ரூபாய். அதில் வட்டி மட்டும் சுமார் 5,500. பழைய கணினியைச் சீர்செய்து மீண்டும் ஓடவிடுவதற்கு ஆகும் முழுச் செலவும் பெரும்பாலும் அந்த வட்டித் தொகைக்குள் அடங்கிவிடும். வட்டியே இல்லாத தவணை என்று விளம்பரம் வருகிறதே என்று கேட்கலாம். கடன் அட்டையில் அளிக்கப்படும் அத்தகைய திட்டங்களில் வட்டி வேறு பெயரில் மறைந்து நிற்கிறது என்றும், சுழிய வட்டி என்று ஒன்று இல்லை என்றும் ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியிருக்கிறது.

கடன் வழங்கும் வங்கியின் இதழிலேயே கடன் வேண்டாம் என்று எழுதுவது முரணாகத் தோன்றலாம். கடன் வாங்கவே கூடாது என்பது நம் வாதம் அன்று. கறவை மாட்டுக்கும் கிணற்று மோட்டாருக்கும் வாங்கும் கடன் வருவாயாகத் திரும்பி வரும். வீட்டில் ஏற்கெனவே இருக்கும் ஒன்றைத் தூக்கி எறிந்துவிட்டு, அதே வேலையைச் செய்யும் இன்னொன்றுக்காக வாங்கும் கடன் அப்படித் திரும்பாது.

இங்கே ஐந்தாயிரம் ரூபாய் என்று ஓர் எல்லை வகுத்துக்கொள்வோம். எடுத்துக்காட்டாக, 2011க்குப் பிறகு இந்தியச் சந்தையில் மிகப் பரவலாக விற்ற, எச்61 வகை மதர்போர்டும் கோர் ஐ3 செயலியும் கொண்ட கணினியை எடுத்துக்கொள்வோம். இதில் மெதுவாக இருப்பது செயலி என்றே பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் காலை வாருவது ஹார்டு டிஸ்க். அதனுள்ளே தட்டு சுழல, அதன்மேல் ஊசி போன்ற ஒரு கை அங்குமிங்கும் ஓடித் தரவைத் தேடுகிறது. பத்தாண்டு ஓடித் தேய்ந்த தட்டு ஒரு கோப்பைத் திறக்க எடுத்துக்கொள்ளும் நேரத்தில்தான் நாம் எழுந்து போய்த் தேநீர் போட்டுவிட்டு வருகிறோம். அதை எடுத்துவிட்டு, அதே சாட்டா கம்பியில் ஓர் எஸ்எஸ்டியை மாட்டினால், இயங்கத் தொடங்க இரண்டு மூன்று நிமிடம் எடுத்த கணினி அரை நிமிடத்துக்குள் எழுந்து நிற்கும். கையில் இருப்பது ஒரே ஒரு பொருளுக்கான பணம் என்றால், அதை இதற்கே செலவிடவேண்டும்.

அடுத்தது ரேம். அந்தக் காலத்துக் கணினிகளில் பெரும்பாலும் 2 அல்லது 4 ஜிபி இருக்கும். இன்றைய உலாவியில் நான்கு பக்கங்களைத் திறந்தாலே அது நிரம்பிவிடும். டிடிஆர்3 வகை ரேம் புதிதாகக் கிடைப்பது குறைந்துவிட்டது. ஆனால் கழற்றி எடுத்த பழையவை கோயம்புத்தூர் காந்திபுரத்துக் கடைகளிலும் சென்னை ரிச்சி தெருவிலும் கிடைக்கின்றன. ரேம் என்பது தேயும் பொருள் அன்று. ஆகவே பழையதை வாங்குவதில் பெரிய அச்சம் தேவையில்லை. வாங்கியதும் ஓர் இரவு முழுவதும் மெம்டெஸ்ட் என்னும் சோதனை மென்பொருளை ஓடவிட்டுப் பார்த்தால் போதும். பழையதாக வாங்கவே கூடாதவை இரண்டு: ஒன்று ஹார்டு டிஸ்க், மற்றொன்று எஸ்எம்பிஎஸ் என்னும் மின்வழங்கி. மின்வழங்கி கெட்டால் தான் மட்டும் போகாது, மதர்போர்டையும் உடன் அழைத்துக்கொண்டு போய்விடும்.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்றும், கோடையில் 40 பாகை வரை ஏறும் வெயிலும் நம் பகுதிக் கணினிகளுக்குத் தனிச் சோதனை. பெட்டியைத் திறந்தால் செயலியின்மேல் இருக்கும் விசிறியில் தூசி கம்பளிபோல் படிந்திருக்கும். செயலிக்கும் அதன் வெப்பத்தை வாங்கும் உலோகத் தகட்டுக்கும் நடுவே பூசிய பசை காய்ந்து சுண்ணாம்பாகியிருக்கும். சூடு வெளியேற வழியின்றிச் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மதிய நேரத்தில் கணினி தானாக அணைந்துபோவதற்கும் இதுவே காரணம். தூசியைத் தட்டி, பழைய பசையைத் துடைத்து, புதிய பசையை ஒரு கடுகளவு வைத்து மூடுவதற்குப் பெரிய செலவில்லை. சிலவேளை இவ்வளவு மட்டுமே செய்து மீண்ட கணினிகளும் உண்டு.

மதர்போர்டில் சிஆர்2032 என்று பொறித்த, நாணயம் போன்ற 3 வோல்ட் பேட்டரி ஒன்று இருக்கும். ஐம்பது ரூபாய்ப் பொருள்தான். வங்கி வாடிக்கையாளர்களாகிய நாம் இதைப்பற்றி அறிந்திருப்பது நல்லது. மின்சாரம் இல்லாதபோதும் கணினியின் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது செத்துவிட்டால் ஒவ்வொரு முறை இயக்கும்போதும் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னே போய் நிற்கும். அப்போது வங்கியின் இணையதளத்தைத் திறந்தால், தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் நடைமுறைக்கே வராத ஒன்றுபோல் உலாவிக்குத் தெரியும்; எச்சரிக்கை காட்டித் தடுக்கும். வங்கியின் தளம் பழுது என்று எண்ணுவோர் ஒரு பக்கம். எச்சரிக்கையைத் தள்ளிவிட்டு மேலே செல்லும் பொத்தானைத் தேடி அழுத்தப் பழகிவிடுவோர் மறுபக்கம். இரண்டாவது பழக்கம் ஆபத்தானது. போலித் தளம் ஒன்று எதிரே வரும் நாளிலும் அந்தக் கை அதே பொத்தானைத்தான் அழுத்தும்.

இவற்றுக்கெல்லாம் கணக்கு ஏறத்தாழ இப்படி வரும்: 240 ஜிபி அளவுள்ள எஸ்எஸ்டிக்கு 2,000 ரூபாய், பழைய 4 ஜிபி ரேம் ஒன்றுக்கு 600, புதிய மின்வழங்கிக்கு 1,200, பசைக்கும் பேட்டரிக்கும் 200, வேலை தெரிந்தவருக்குக் கூலி 500. ஆக 4,500. மீதி 500 ரூபாயில் வைஃபை வாங்கும் சிறு கருவி ஒன்றைச் செருகிக்கொள்ளலாம். இடத்துக்கு இடம், மாதத்துக்கு மாதம் இந்த விலைகள் மாறும். அதிலும் செயற்கை நுண்ணறிவு மையங்கள் நினைவகச் சில்லுகளை மொத்தமாக வாங்கிக் குவிப்பதால் 2025 இறுதியிலிருந்து உலகெங்கும் ரேம், எஸ்எஸ்டி விலைகள் ஏறியிருக்கின்றன. விலை ஏறிவிட்டால், மின்வழங்கி நன்றாக இருக்கிறதா என்று சோதித்து அதை அப்படியே விட்டுவிடலாம். மேலே சொன்ன எல்லையைத் தாண்டுவது மட்டும் கூடாது. ‘சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்’ என்று நம் முன்னோர் சொன்னது இத்தகைய வேலைக்கு மிகப் பொருந்தும். ஒன்றை மாற்றியதும் அடுத்தது கண்ணில் படும். புதிய கேபினட், புதிய கிராஃபிக்ஸ் அட்டை என்று ஆசை வளரும். பத்தாயிரம் ரூபாய் அளவுக்குச் செலவாகும் என்று தோன்றினால் வேலையை நிறுத்திவிட்டு, பெருநிறுவன அலுவலகங்களிலிருந்து வெளிவந்து சீரமைக்கப்பட்டு உத்தரவாதத்தோடு விற்கப்படும் கணினிகளைப் பார்ப்பதே அறிவுடைமை.

தொடக்கத்திலேயே கைவிடவேண்டியவையும் உண்டு. மதர்போர்டில் நிற்கும் சிறு உருளைகளின் தலை புடைத்திருந்தால், அதாவது கெப்பாசிட்டர்கள் வீங்கியிருந்தால், அதில் பணம் போடவேண்டாம். அகன்ற நாடா போன்ற பழைய ஐடிஇ கம்பி மட்டுமே உள்ளதும், 64 பிட் இயங்குதளத்தை ஏற்காததும் அப்படியே. பெரிய கண்ணாடிக் குழாய்த் திரை இருந்தால் அதையும் மாற்றியாகவேண்டும். அந்தக் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, மின்சாரமும் மிகுதியாகக் குடிக்கும். மின்சாரத்தைப் பொறுத்தவரை, 100 வாட் இழுக்கும் கணினியை நாளுக்கு 4 மணி நேரம் பயன்படுத்தினால் மாதம் 12 யூனிட், கேரள மின்வாரியத்தின் இருமாதப் பட்டியலில் 24 யூனிட் ஆகும். நாள் முழுவதும் ஓடவேண்டிய கடைக் கணினிக்குப் பழைய பெட்டி ஆதாயம் தராது என்பதை இதிலிருந்தே கணித்துக்கொள்ளலாம்.

கருவிகளை மாட்டுவது எளிது. இயங்குதளம் எதுவென்பதில்தான் பலரும் வழுக்கிவிடுகிறார்கள். சிறு கடைகளில் கேட்டால், உரிமம் இல்லாத விண்டோஸ் பிரதி ஒன்றைப் போட்டு, அதை உண்மையானதுபோல் காட்டும் ஒரு சிறு மென்பொருளையும் ஓடவிட்டு அனுப்பிவிடுவார்கள். முந்நூறு ரூபாயில் வேலை முடிந்தது என்று நாமும் மகிழ்ந்து வீடு திரும்புவோம். அந்தச் சிறு மென்பொருளை எழுதியவர் யார், அது பின்னணியில் என்ன செய்கிறது என்பது கடைக்காரருக்கும் தெரியாது. அது ஓடுவதற்காக வைரஸ் தடுப்பை அணைத்துவைக்கச் சொல்வதும் வழக்கம். அத்தகைய கணினியில் அமர்ந்து வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்வது, பீரோவின் சாவியைத் தெருவில் போவோரிடம் கொடுத்துவைப்பதற்கு ஒப்பாகும். விண்டோஸ் 7 போட்டால் வேகமாக ஓடுமே என்னும் யோசனையும் வேண்டாம். அதற்கான ஆதரவு 2020 சனவரி 14 அன்றே முடிந்துவிட்டது. 2023இன் தொடக்கத்தில் வந்த 109ஆம் பதிப்போடு குரோம் உலாவியும் அதைக் கைவிட்டது.

இதற்கு மாற்று எங்கே என்று தேடி நாம் தொலைவுக்குப் போகவேண்டியதில்லை. அது நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளியிலேயே இருக்கிறது. கேரள அரசின் ஐடி அட் ஸ்கூல் திட்டம் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தோன்றியது. 2017இல் கைட் என்னும் அரசு நிறுவனமாக உருவெடுத்தது. ரிச்சர்ட் ஸ்டால்மன் 2001 சூலையில் திருவனந்தபுரத்துக்கு வந்து இந்தியாவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்த காலம் அது. அடுத்த சில ஆண்டுகளில் கேரளப் பள்ளிகள் உரிமக் கட்டணம் கேட்கும் மென்பொருளை விட்டுப் படிப்படியாக விலகி, குனு/லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாறின. பத்தாம் வகுப்பின் தகவல் தொழில்நுட்பத் தேர்வே அதில்தான் நடக்கிறது. உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டு கைட் நிறுவனம் உருவாக்கிய இயங்குதளத்தின் 22.04 பதிப்பு 2024இல் வெளிவந்தது. பள்ளிகளோடு பொதுமக்களும் கட்டணமின்றி அதைப் பதிவிறக்கிக்கொள்ளலாம். ஒரு மாநிலத்தின் அரசுப் பள்ளிகள் இருபதாண்டாகப் பயன்படுத்தி வருவதை, வீட்டில் போடத் தயங்குவது ஏன் என்பது நமக்கு விளங்கவில்லை. பள்ளியில் ஒன்றும் வீட்டில் வேறொன்றும் கற்கும் பிள்ளைக்கு, இரண்டிலும் ஒன்றே இருப்பது தேர்வுக் காலத்தில் உதவியாகவே இருக்கும்.

4 ஜிபிக்கும் குறைவான ரேம் உள்ள கணினி என்றால், இதைவிட இலகுவான பதிப்புகள் உள்ளன. லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பும் லுபுண்டுவும் அவற்றுள் பெயர்பெற்றவை. இவற்றில் ஃபயர்ஃபாக்ஸ் உலாவி இருக்கிறது, குரோமும் கிடைக்கும். கடிதம் எழுதவும் கணக்குப் போடவும் லிபர்ஆஃபிஸ் இருக்கிறது. அதன் பட்டியல்களைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். தமிழ்99 விசைப்பலகையைச் சேர்த்துக்கொள்வதும் சில நிமிட வேலை. ஒரு சிறு தொல்லை மட்டும் உண்டு. ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து வைத்திருக்கும் பழைய விண்ணப்பங்களும் கல்யாணப் பத்திரிகைகளும் இதில் குழறிய எழுத்தாகத் தெரியும். அவற்றை மாற்றித்தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாகவே உள்ளன. பழைய கோப்புகளை ஒருமுறை உட்கார்ந்து மாற்றிவிடுவது எந்தக் கணினி வாங்கினாலும் செய்யவேண்டிய வேலைதான்.

இது எல்லாருக்கும் பொருந்தும் என்று நாம் சொல்லமாட்டோம். டாலி போன்ற கணக்கு மென்பொருள் விண்டோசுக்காகவே எழுதப்பட்டது. அதை நம்பி நடக்கும் கடைக்கும், டிஜிட்டல் கையொப்பக் கருவியைச் செருகி அன்றாடம் வரி விவரம் தாக்கல் செய்யும் அலுவலகத்துக்கும் உரிமம் பெற்ற விண்டோசே வேண்டும். அவர்களுக்குக் கணினி ஒரு தொழிற்கருவி. அதற்காகக் கடன் வாங்குவதிலும் தவறில்லை. படிப்புக்கும், அரசு இணையதளங்களில் விண்ணப்பிப்பதற்கும், வங்கிக் கணக்கைப் பார்ப்பதற்கும் கணினி வேண்டும் என்போரை நோக்கியே நாம் பேசுகிறோம்.

இனி, கழற்றி எடுத்த பழைய ஹார்டு டிஸ்க். சீரமைப்பு வேலை முடிந்த மகிழ்ச்சியில் எல்லாரும் மறந்துவிடும் பொருள் இதுதான். கடைக்காரர் அதைக் கையில் எடுத்து, இது இனி உதவாது, இங்கேயே போட்டுவிடவா என்பார். சரி என்று தலையசைத்து வந்துவிடுவோம். அந்தத் தட்டில் என்னவெல்லாம் இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்: ஸ்கேன் செய்த ஆதார், பான் அட்டைகள், பாஸ்புக்கின் முதல் பக்கம், வங்கி அனுப்பிய கணக்கு அறிக்கைகள், உலாவி நினைவில் வைத்திருக்கும் கடவுச்சொற்கள், நிலப் பத்திரத்தின் நகல், குடும்பத்துப் படங்கள். அழித்துவிட்டேன், ஃபார்மட் செய்துவிட்டேன் என்பது போதாது. கோப்பை அழிக்கும்போது கணினி அதன் பெயரைத்தான் பட்டியலிலிருந்து நீக்குகிறது. எழுத்து தட்டிலேயே இருக்கும். இலவசமாகக் கிடைக்கும் மீட்பு மென்பொருளைக் கொண்டு அதை வெளியே எடுத்துவிடலாம். புதிய இயங்குதளம் ஓடத் தொடங்கியதும் பழைய தட்டை அதே கணினியில் இணைத்து, வேண்டியவற்றைப் படியெடுத்துக்கொண்டு, பிறகு முழுத் தட்டின் மேலும் ஒருமுறை சுழியங்களை எழுதி நிரப்பிவிடவேண்டும். லினக்ஸில் அதற்கான கட்டளை உள்ளடங்கியே வருகிறது. சில மணி நேரம் ஆகும், அவ்வளவுதான். தட்டு ஓடவே ஓடாத நிலையில் இருந்தால், துளைபோடும் கருவியால் இரண்டு மூன்று இடத்தில் துளைத்துவிடுவதே வழி. எவ்வாறாயினும் அது நம் வீட்டுக்கு வந்தாகவேண்டும். கணினியைக் கடையில் விடும்போதே, கழற்றும் ஹார்டு டிஸ்க்கைத் திருப்பித் தரவேண்டும் என்று ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளலாம். இவ்வளவுக்குப் பிறகும் கணக்கிலிருந்து நாம் அறியாமல் பணம் போனால், வங்கிக்கும் 1930 என்னும் எண்ணுக்கும் அன்றைக்கே தெரிவிக்கவேண்டும். வாடிக்கையாளரின் கவனக்குறைவும் வங்கியின் குறையும் இன்றி நேர்ந்த இழப்பாயின், மூன்று வேலைநாட்களுக்குள் தெரிவித்தவருக்குப் பொறுப்பு இல்லை என்று ரிசர்வ் வங்கி 2017 சூலையில் வகுத்த விதியில் நாள்கணக்குதான் முதன்மையானது.

மிஞ்சும் கழிவுகளைக் குப்பையோடு போடாமல், மின்கழிவு திரட்டும் ஹரித கர்ம சேனையினரிடம் கொடுக்கலாம். அவர்கள் வழியாக அது கிளீன் கேரளா கம்பெனிக்குப் போய்ச்சேரும்.

வேலையை யார் செய்வது என்பது அடுத்த கேள்வி. பொள்ளாச்சிக்கோ கோவைக்கோ பேருந்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவது எளிதன்று. மூணாற்றிலிருந்தோ வட்டவடையிலிருந்தோ கீழே இறங்குவது அதனினும் கடினம். இங்கேயும் பள்ளியையே நாம் சுட்டுகிறோம். ஐடி அட் ஸ்கூல் திட்டம் முன்பு பள்ளிகளில் ‘ஹார்டுவேர் கிளினிக்’ என்ற பெயரில் முகாம்கள் நடத்தியது. பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து, பழுதாகிக் கிடந்த பள்ளிக் கணினிகளை அங்கேயே பிரித்து, ஒன்றின் உறுப்பை இன்னொன்றில் மாட்டி ஓடவைத்தார்கள். 2018இல் தொடங்கிய லிட்டில் கைட்ஸ் மாணவர் அமைப்பின் பயிற்சியிலும் ஹார்டுவேர் ஒரு பகுதியாக இருக்கிறது. ஆகவே திருகாணியைக் கழற்றத் தெரிந்த பிள்ளைகள் நம் ஊர்ப் பள்ளியிலேயே இருக்கிறார்கள். அத்தகைய முகாமை ஆண்டுக்கு ஒருமுறை ஊராரின் வீட்டுக் கணினிகளுக்காகவும் நடத்தினால் என்ன? பொருளை வீட்டார் வாங்கி வரட்டும். கையும் மேசையும் பள்ளி கொடுக்கட்டும்.

கோவிட் காலத்தை நாம் மறந்துவிடக் கூடாது. 2020 சூன் 1 அன்று கைட் விக்டர்ஸ் அலைவரிசையில் ஃபர்ஸ்ட் பெல் வகுப்புகள் தொடங்கியபோது, தொலைக்காட்சியும் கைப்பேசியும் இல்லாத வீடுகளைத் தேடி ஆசிரியர்களும் நூலகங்களும் உள்ளாட்சிகளும் ஓடியதைக் கண்டோம். தமிழ்வழி மாணவர்களுக்கு இங்கே எப்போதும் ஒரு கூடுதல் சுமை உண்டு. கேரளப் பாடத்திட்டத்தைத் தமிழில் படிக்கும் இவர்களுக்குக் கடையில் கிடைக்கும் தமிழ்நாட்டு வழிகாட்டி நூல்கள் முழுதும் பொருந்தா. மலையாளத்தில் கிடைப்பவை வாசிக்கக் கடினம். இணையத்தில் தேடிச் சேர்ப்பதுதான் அவர்களுக்கு வழி. ஐந்து அங்குலக் கைப்பேசித் திரையில், அதுவும் தந்தை வேலையிலிருந்து வந்த பிறகு கிடைக்கும் ஒரு மணி நேரத்தில், ஒரு பிள்ளை எவ்வளவு தேடிப் படிக்கமுடியும்? மூலையில் துணி போர்த்தி நிற்கும் பெட்டியைப்பற்றி இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு இதுவே காரணம்.

வங்கிகளுக்கும் ஒரு சொல். கிளைகளில் கணினிகளைக் காலந்தோறும் மாற்றுகிறார்கள். பாதுகாப்பைக் கருதி அப்படித்தான் செய்யவேண்டும். வெளியேற்றப்படும் அந்தப் பெட்டிகள் பலவும் மேலே நாம் சொன்ன எச்61 கணினியைவிடப் புதியவை. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகள் மறுசுழற்சி செய்வோரோடு, சீரமைப்போர் என்று ஒரு பிரிவையும் பதிவுசெய்ய இடம் தருகின்றன. ஹார்டு டிஸ்க்குகளை முற்றாக அகற்றி அழித்துவிட்டு, மீதிப் பெட்டியை அத்தகைய பதிவுபெற்ற சீரமைப்போர் வழியாக, கிளை இருக்கும் ஊரின் பள்ளிக்குக் கொடுக்க வங்கிகள் ஏற்பாடு செய்யலாம். உடைத்து உலோகமாக விற்றால் வங்கிக்குக் கிடைக்கும் தொகை அதன் கணக்கேட்டில் ஒரு வரியைக்கூட நிரப்பாது. நம் வங்கி இதைத் தொடங்கிவைத்தால், வாடிக்கையாளர்கள் என்ற முறையில் நாம் பெருமைப்படுவோம்.

கேரளத்தில் பள்ளிகள் மார்ச்சு இறுதியில் மூடி, சூன் முதலில் திறக்கின்றன. ஏப்ரல், மே இரண்டு மாதமும் பிள்ளைகளின் கை சும்மா இருக்கும். பள்ளியின் கணினி அறையும் பூட்டியே கிடக்கும். முகாம் நடத்த அதுவே ஏற்ற காலம். ஆனால் மழைக்கு முந்தைய இடி மின்னல் காலமும் அதுவே என்பதால், வேலையை விரைவில் முடித்துக்கொள்வது நல்லது. சீர்செய்த கணினியை வீட்டுக்குக் கொண்டுவந்ததும், இடி இடிக்கும்போது மின்செருகியோடு இணையக் கம்பியையும் பிடுங்கிவைக்க வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவைக்கவேண்டும்.